சொந்த ஊர் என்னும் கட்டம்

நடுவண் அரசுப் பணியில் புதிதாகச் சேர்வோர் நிரப்பித் தரவேண்டிய தாள்களுள் ஒன்று, அவர்தம் 'சொந்த ஊர்' யாதென வினவுவது. விடுப்பில் ஊருக்குச் சென்றுவர அரசு நல்கும் பயணச் சலுகைக்கு அத்தாளே அடிப்படை. 1988ஆம் ஆண்டின் சலுகை விதிகளும், அவற்றை ஒட்டிய ஆணைகளும் சொந்த ஊரை அறிதற்குச் சில அளவுகோல்களையும் வகுத்துள்ளன. குடும்பக் கடமைக்கும் சமூகக் கடமைக்கும் அவர் நேரில் சென்றுவர வேண்டிய ஊரா அது? அங்கே அவர்க்கோ அவர் குடும்பத்தார்க்கோ நிலமோ மனையோ உண்டா? நெருங்கிய உறவினர் வாழ்கின்றனரா? பணியேற்குமுன் சில ஆண்டுகளேனும் அவர் அங்கு வாழ்ந்ததுண்டா? ஒருமுறை எழுதித் தந்துவிட்டால், பணிக்காலம் முழுவதிலும் ஒரே ஒரு முறைதான் அதனை மாற்றிக்கொள்ளலாம். அதற்கும் துறைத்தலைவரின் இசைவு வேண்டும்.

இருபது ஆண்டுகளாக இத்தகைய தாள்கள் நம் மேசையைக் கடந்து செல்கின்றன. பெரும்பாலோர் அரை நிமிடத்தில் எழுதிவிடுவர். ஒரு சிலர் மட்டும் எழுதுகோலை உயர்த்திப் பிடித்தவாறே அமர்ந்திருப்பர். அச்சிலருள் நாமும் ஒருவராக இருந்தோம் ஆதலின், அத்தயக்கத்தின் வரலாற்றை இம்மலரில் எழுதத் துணிந்தோம்.

எல்லா ஊரையும் தம் ஊராகக் கருதிய கணியன் பூங்குன்றனாரின் பாட்டை நம் மேடைகளில் கேளாத ஆண்டில்லை. புறநானூற்றில் 192ஆவதாக நிற்பது அது. ஆயினும் ஒன்றை எவரும் சுட்டிச் சொல்ல நாம் கேட்டதில்லை. அப்புலவரை நாம் இன்றும் அறிவது அவருடைய ஊர்ப்பெயராலேயே. கணியன் என்பது தொழில் பற்றியது. பூங்குன்றம் என்பது ஊர். அவ்வூரைச் சிவகங்கை மாவட்டத்து மகிபாலன்பட்டி என்பர். நம் தந்தைவழி முன்னோரின் சிற்றூரும் அதற்கு எட்டிவிடும் தொலைவினதே. வானம் பார்த்த அப்பூமியிலிருந்துதான் கடல் கடந்து ரங்கூனுக்கும் பினாங்குக்கும் சென்றோர் மிகப் பலர்.

பெங்களூர்த் தமிழரின் வரலாறு ஈண்டு விரிக்க வேண்டாதது. இம்மலரைக் கையில் ஏந்தியிருப்போர் அதனை நன்கறிவர். இன்று தொம்மலூர் என வழங்கும் தொம்பலூரின் சொக்கநாதர் கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. 1809இல் ஆங்கிலேயர் தம் படையைச் சீரங்கப்பட்டணத்திலிருந்து இங்கே மாற்றித் தண்டு அமைத்தபோது, படையோடு வந்தோரும் படைக்கு வேண்டியன செய்து பிழைத்தோருமாக அல்சூரிலும் அதனைச் சூழ்ந்த தெருக்களிலும் தமிழர் நிறைந்தனர். ஆர்க்காடு நாராயணசாமி முதலியார் 1873இல் தம் பொருளால் பள்ளி கண்டார். 1880ஆம் ஆண்டு முதல் கோலார்த் தங்கவயல், வட ஆர்க்காட்டு உழவரை நிலத்தடிக்கு அழைத்துச் சென்று, 2001இல் அச்சுரங்கங்கள் மூடப்படும்வரை வைத்திருந்தது. தண்டும் பழைய நகரும் 1949இல் ஒரே மாநகராட்சியாயின; மறு ஆண்டு நம் தமிழ்ச் சங்கம் தோன்றிற்று. இங்கே ஐந்தாம் தலைமுறையாக வாழும் நண்பர் ஒருவரை ஊர் எதுவென்று கேட்டால், தாம் ஒருமுறையும் கண்டிராத ஆரணிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றையே இன்றும் சொல்வார். கன்னடத்திலும் அது 'ஊரு' தான். "நிம்ம ஊரு யாவுது?" என்று பேருந்தில் எவரேனும் வினவும்போது, அயல்மொழியில் வினவப்பட்டதாக நம் செவிக்குத் தோன்றுவதில்லை. அதனால் விடை எளிதாகிவிடவும் இல்லை.

நம் கொள்ளுப்பாட்டனார் ரங்கூன் சென்று அரிசி ஆலையொன்றில் கணக்கெழுதியவர். அவர் வெளிநாடு சென்றவரல்லர் என்பதை இளைஞர்கள் நினைவிற் கொள்ளவேண்டும். அன்று பர்மா, பிரித்தானிய இந்தியாவின் ஒரு மாகாணம். சென்னையில் கப்பலேறுவதற்குக் கடவுச்சீட்டு வேண்டியிருக்கவில்லை. 1931ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி பர்மாவில் இந்தியர் பத்து இலட்சத்தைக் கடந்திருந்தனர். ரங்கூன் நகரில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியரே. 1937ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளன்று பர்மா தனியே பிரிக்கப்பட்டது. கொள்ளுப்பாட்டனார் இருந்த இடத்திலேயே இருந்தார். நாடுதான் அவரை விட்டு வெளியே சென்றது.

அம்மண்ணில் நம்மவர் செய்தவை எல்லாம் போற்றத்தக்கன என்று எழுதுவது நேர்மையாகாது. கீழைப் பர்மாவின் நெல்வயல்களை உருவாக்குதற்கு நாட்டுக்கோட்டை நகரத்தார் கடனாகத் தந்த பொருள் பெருந்துணையாயிற்று என்பது உண்மை. 1929க்குப் பின் வந்த உலகப் பெருமந்தத்தில் நெல்விலை வீழ்ந்தபோது, கடன் தீர்க்க இயலாத பர்மிய உழவரின் நிலங்கள் ஏராளமாக அவர்கள் கைக்கு மாறின என்பதும் உண்மை. பத்தாண்டும் கழியுமுன் அப்பகுதியின் முதன்மை நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நிலம் அவர்களிடம் இருந்தது. நிலம் இழந்தவன் தன் ஊரில் அயலானாக நின்றான். 1930இலும் 1938இலும் ரங்கூன் தெருக்களில் மூண்ட கலவரங்களின் வேர் பல. இதுவும் அவற்றுள் ஒன்று. ஆனால் அந்நாட்களில் வெட்டுண்டோர் பெரிதும் கூலியாட்களும் சிறுகடைக்காரருமே.

1941 டிசம்பர் 23ஆம் நாள் சப்பானிய விமானங்கள் ரங்கூனின்மேல் குண்டு பொழிந்தன. நம் அப்பத்தாவுக்கு அப்போது வயது பதினான்கு. கப்பல் சீட்டு பொருளுடையார்க்கே கிட்டியது; ஏனையோர் நடந்தனர். அவ்வாறு தரைவழி வந்த இந்தியர் நான்கு இலட்சத்துக்குக் குறையார் என்பர். பல்லாயிரவர் வழியிலேயே வாந்திபேதியாலும் மலைக்காய்ச்சலாலும் மாண்டனர். ஐரோப்பியர்க்கு ஏந்தான வழியும் இந்தியர்க்கு இடர்மிகுந்த வழியும் ஒதுக்கப்பட்டன என்னும் குறை அக்காலத்திலேயே எழுந்தது. அப்பத்தா வாய்ப்பாடு ஒப்பிப்பது போல் அவ்வழியைச் சொல்வார்: மாந்தலே, மோனிவா, கலேவா, தமு, பலேல், இம்பால், திமாப்பூர். தமு என்னும் பெயருக்குப் பின் சற்றே நிறுத்திவிட்டுத்தான் பலேலுக்குச் செல்வார். அவருடைய தம்பியை விட்டுவந்த இடம் அது. நாம் சிறுவராய் இருந்தபோது, அந்நிறுத்தத்தை ஓசைநயம் என்றே எண்ணியிருந்தோம்.

இத்துணைத் துன்புற்றவர், போர் முடிந்ததும் திரும்பிச் சென்றார் என்பதே வியப்பு. ஊரில் மணமாகி, 1947இல் கணவரோடு மீண்டும் ரங்கூனுக்குக் கப்பலேறினார். அங்கே ஒரு மளிகைக் கடை. தந்தையார் 1950இல் பிறந்தார். பகலில் பர்மியப் பள்ளியும் மாலையில் கோயில் மண்டபத்துத் தமிழ் வகுப்புமாக வளர்ந்தார். 1962 மார்ச்சில் நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். 1963இல் வங்கிகளும் 1964இல் கடைகளும் அரசுடைமையாயின. அவ்வாண்டு மே மாதத்தில் ஐம்பது, நூறு சாட் பணத்தாள்கள் செல்லாதவையாக்கப்பட்டன. பாட்டனார் ஒருநாள் காலை கடையைத் திறக்கச் சென்றபோது, படைவீரர் ஒருவர் திறவுகோலைக் கேட்டு வாங்கிக்கொண்டார். வீட்டில் இக்கதை சொல்லப்படும் போதெல்லாம், அவ்வீரர் மரியாதையாகவே கேட்டார் என்பதை அப்பத்தா தவறாமல் சேர்ப்பார். நகைக்கும் பணத்துக்கும் கடுங்கட்டுப்பாடு விதித்து, இந்திய அரசு ஏற்பாடு செய்த கப்பல்களில் ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்கள் அவ்வாண்டுகளில் வெளியேறினர். தந்தையார் சென்னைத் துறைமுகத்தில் இறங்கியது 1965இல். அப்போது அவர்க்கு வயது பதினைந்து. கையில் ஒரு தகரப்பெட்டி. வாயில் பர்மிய மொழி.

தாயகம் திரும்பியோர்க்கு அரசு கடன் தந்தது, மனை தந்தது, மறுக்கவியலாது. 1969இல் சென்னைக் கடற்கரைச் சாலையில் பர்மா பசார் எழுந்தது; அவ்வாண்டே அவர்கட்கெனக் கூட்டுறவு வங்கியும் தொடங்கப்பெற்றது. ஆயினும் தமிழ்நாட்டுத் தெருக்களில் அவர்களுக்கு வழங்கிய பெயர் 'ரங்கூன்காரர்' என்பதே. இனி ஒன்று, வரலாற்று நூல்கள் ஓரிரு வரியில் கடந்து செல்வது. திரும்பி வந்தோருள் ஒரு சாரார்க்கு இம்மண் ஒட்டவில்லை. அவர்கள் மீண்டும் பர்மா செல்லவே புறப்பட்டு, வடகிழக்கு நோக்கிப் பயணம் செய்து, மணிப்பூர் எல்லையை அடைந்தனர். எல்லையைக் கடக்க விடவில்லை. விடாத இடத்திலேயே அமர்ந்துவிட்டனர். மோரே என்னும் அந்நகரில் தமிழர் கோயில் கட்டினர், சங்கம் நிறுவினர், எல்லை வணிகத்தில் தலைநின்றனர். எல்லைக்கு அப்பால் முதலில் உள்ள ஊர் எதுவெனின், அப்பத்தாவின் தமுவேதான். 2023இல் மணிப்பூரில் மூண்ட கலவரம் மோரேயையும் விட்டுவைக்கவில்லை.

அன்னையார் வழி வேறு. அட்டனுக்கு அண்மையிலுள்ள தேயிலைத் தோட்டம் ஒன்றின் லயத்தில் 1958இல் பிறந்தவர் அவர். மலையகத் தமிழரின் வரலாறு 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் காப்பியொடு தொடங்கி, 1869இல் காப்பிச் செடிக்கு நோய் கண்டபின் தேயிலையொடு தொடர்ந்தது. கங்காணியின் கடனில் கட்டுண்டு, மண்டபம் முகாமில் நோய்த்தடுப்புக்காக நிறுத்தி வைக்கப்பெற்று, தோட்டத்தின் எண் பொறித்த தகரத்துண்டு ஒன்றைக் கழுத்தில் கட்டிக்கொண்டு மலையேறியவர்கள் அம்முன்னோர். அத்துண்டில் ஊர்ப்பெயர் இல்லை. சேர வேண்டிய இடத்தின் எண் மட்டுமே. நூறாண்டுக்குமேல் உழைத்தபின், 1948ஆம் ஆண்டு இலங்கைக் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது.

1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோவும் சாத்திரியும் கையெழுத்திட்ட உடன்பாடு அவர்களை எண்ணிக்கையாகப் பகுத்தது. 9,75,000 பேர், இவர்களுள் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு. 1974இல் அந்த எஞ்சியோரும் பாதிப் பாதியாகப் பிரிக்கப்பட்டனர். ஏழு பேர் கப்பலேறினால் நான்கு பேர்க்கு அங்கே குடியுரிமை என்பது விகிதம். நாமும் அலுவலகத்தில் கோப்புகளைப் பகுப்பவரே. ஆயினும் இவ்விகிதத்தைப் படிக்கும்தோறும் கை நடுங்குகிறது. அம்மக்களின் சார்பாளரைக் கலந்து கேட்டிலர். உடன்பாடு கையெழுத்தாகி இரண்டு மாதம் நிறையுமுன், அதே ஆண்டு டிசம்பரில் புயல் வந்து தனுக்கோடியைக் கடலுள் கொண்டது. அவர்களின் பாட்டன்மார் புறப்பட்டுச் சென்ற துறையே இல்லாமற் போயிற்று.

அன்னையார் குடும்பம் 1974இல் வந்தது. புகைவண்டியைக் 'கோச்சி' என்பது மலையக வழக்கு. அக்கோச்சி நிலையத்தை விட்டு நகரும்போது எழுந்த ஒப்பாரியைப் போல், இறந்த வீட்டிலும் தாம் கேட்டதில்லை என்பார். அண்ணன் ஒருவர்க்கு இலங்கைக் குடியுரிமை. ஏனையோர்க்கு இந்தியக் கடவுச்சீட்டு. தலைமன்னாரிலிருந்து இராமேசுவரம், பின்னர் மண்டபம் முகாம். முன்னோரை நிறுத்தி வைத்த அதே முகாம், பின்னாளில் பேரப்பிள்ளைகளையும் வாங்கிக்கொண்டது. சிலர் நீலகிரித் தேயிலைக்கு அனுப்பப்பெற்றனர். சிலர் நிக்கோபாரின் கச்சால் தீவு வரை சென்றனர். இவர்களுக்குக் கிட்டியது கருநாடகத்தின் தென் கன்னட மாவட்டத்துச் சுள்ளியா.

சுள்ளியாவிலும் புத்தூரிலும் தாயகம் திரும்பியோர்க்கென்றே இரப்பர்த் தோட்டங்கள் உருவாயின. 1971இல் அமைந்த கருநாடக வனவளர்ச்சிக் கழகத்தின் பொறுப்பில் அவை இன்றும் உள்ளன. தேயிலைக் கொழுந்து பறித்த விரல்கள் மழைக்காட்டில் இரப்பர்க் கன்று நட்டன. அங்கே துளுவும் கன்னடமும் பேசுவோரிடையே இவர்கள் 'சிலோன்காரர்'. இலங்கையில் இவர்களே 'இந்தியர்'. அங்குள்ள பிள்ளைகள் கன்னடப் பள்ளியில் பயின்றனர். முன்னோரின் ஊர் எது, அதற்குச் சான்று எங்கே என்னும் வினாவில் சாதிச் சான்றிதழ் சிக்கிக்கொண்டு, கல்வியிலும் வேலையிலும் பலர் நெடுங்காலம் இடர்ப்பட்டனர். இரப்பர் நட்டு ஏறத்தாழ ஏழாண்டு கழித்தே பால்வெட்ட இயலும். தாம் நட்ட மரத்தில் பால் வடிவதைக் காணுமுன், 1979இல் அன்னையார் மணமாகிப் பெங்களூர் வந்தார். ஆலை ஒன்றில் கடைசல் தொழிலாளராக இருந்த ரங்கூன் மாப்பிள்ளைக்கும் சுள்ளியாவின் சிலோன் பெண்ணுக்கும், நான்கு தலைமுறைக்கு முற்பட்ட சிவகங்கைச் சீமை உறவு ஒன்றைத் தேடிப் பிடித்துப் பொருத்தினர் பெரியோர். இலங்கையில் எஞ்சியிருந்தோர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை வழங்கியதைக் கேட்ட அன்று, அன்னையார் நாள் முழுதும் எவரோடும் பேசவில்லை.

அல்சூரை அடுத்த தெருவில் நாம் வளர்ந்த வீட்டில் மூன்று நாடுகள் இருந்தன என்றால் மிகையாகாது. அப்பத்தா வாழைத்தண்டு இட்டு மொகிங்கா செய்வார். அன்னையார் சாயத்தேநீரில் பாலூற்ற மாட்டார். வானொலியில் இலங்கைத் தமிழ்ச் சேவை ஒலிக்கும். தந்தையார் கோபம் வந்தால் பர்மிய மொழியில் எண்ணுவார். தெருவில் இறங்கினால் கன்னடம். இதனையெல்லாம் ஒரு குறை என்று அன்று நாம் உணரவில்லை. பள்ளியில், கோடை விடுமுறைக்கு 'ஊருக்கு'ப் போய்வந்த கதைகளை ஏனைய பிள்ளைகள் சொல்லும்போது மட்டும், நமக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

1991 டிசம்பரில், காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணை அரசிதழில் வெளியானதை ஒட்டிப் பெங்களூரில் தமிழர் தாக்கப்பட்டனர். வீடுகளும் கடைகளும் எரிந்தன. பல குடும்பங்கள் ஓசூர் வழியே வெளியேறின. நமக்கு வயது பத்து. அன்று மாலை அப்பத்தா எவர் சொல்லுக்கும் காத்திராமல் பரணிலிருந்து ரங்கூன் தகரப்பெட்டியை இறக்கச் சொன்னார். "காகிதத்தை முதல்ல வை, பாத்திரம் அப்புறம்" என்றார். அவர் முகத்தில் அச்சம் இல்லை; பழகிய வேலையைச் செய்வோரின் விரைவே இருந்தது. 1942, 1965, இப்போது மூன்றாம் முறை. தந்தையார் மட்டும் சுவரில் சாய்ந்து நின்று, "எங்கே போறது?" என்று ஒரே ஒருமுறை கேட்டார்.

எதிர்வீட்டுக் கன்னட அம்மையார், நாம் அஜ்ஜி என்றழைப்பவர், தெருவைக் கடந்து வந்து, கட்டிவைத்த பெட்டியைக் கண்டார். அவர் பேசியது ஒரு சொற்றொடர்தான்: "ரங்கூனம்மா, பெட்டி நம் மனேகே பரலி." பெட்டி எங்கள் வீட்டுக்கு வரட்டும் என்பது பொருள். பெட்டியும் நாமும் அவர் வீட்டில் மூன்றிரவு இருந்தோம். நான்காம் நாள் திரும்பி வந்தபோது, பெட்டியைப் பரணில் ஏற்ற வேண்டாம் என்று அப்பத்தா சொல்லிவிட்டார். அடுக்களையில் வைத்து, அதில் அரிசி கொட்டிவைத்தார். அவர் மறையும்வரை அது அரிசிப்பெட்டியாகவே இருந்தது.

அவ்வாண்டிலேயே திறக்கப்படவிருந்த அல்சூர் ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலை பதினெட்டு ஆண்டுகள் மூடியே கிடந்தது. 2009 ஆகத்து 9ஆம் நாள் அது திறக்கப்பெற்றபோதும், சில நாளில் சென்னையில் சர்வக்ஞர் சிலை திறக்கப்பெற்றபோதும் ஊரார் மகிழ்ந்ததை அன்பர்கள் அறிவர். 2016 செப்டம்பரில் மீண்டும் பேருந்துகள் எரிந்ததையும் அறிவர். இரண்டும் நிகழ்ந்த ஊர் இது.

பணியில் சேர்ந்த நாளில், தந்தையார் சொற்படி சிவகங்கை மாவட்டத்துச் சிற்றூரின் பெயரையே அக்கட்டத்தில் எழுதினோம். இரண்டுமுறை சலுகையில் சென்றும் வந்தோம். முதன்முறை, கோயில் பூசாரியார் கொள்ளுப்பாட்டனார் பெயரைக் கேட்டுவிட்டுத் தலையசைத்தார். அறிந்துதான் அசைத்தாரோ, அன்பினால் அசைத்தாரோ. வீடிருந்த இடத்தில் கருவேல மரங்கள். இரண்டாம் முறை, பூசாரியாரும் இல்லை.

சென்ற ஆண்டு, மாற்றக் கோரி விண்ணப்பம் எழுதினோம். விதி அறிந்த பிரிவுக் கண்காணிப்பாளர் நம்மை அழைத்து, "தலைமையிடமும் சொந்த ஊரும் ஒன்றாயிருந்தால் ஊர்ச் சலுகையே கிடையாதே, சார். பயணப்படி போய்விடுமே" என்றார். உண்மைதான். பெங்களூரில் பணிபுரியும் ஒருவர் பெங்களூரே தம் ஊர் என்று எழுதிவிட்டால், ஊருக்குப் போவதற்கு அரசு பணம் தராது. ஏற்கெனவே ஊரில் இருப்பவர்க்கு எதற்குப் பயணப்படி?

விண்ணப்பம் ஒருமுறை திரும்பி வந்தது. குடும்ப, சமூகக் கடமைக்குச் சான்று இணைக்கவும் என்று ஓரத்தில் எழுதியிருந்தனர். குடும்ப அட்டையின் படியொன்றும், கல்பள்ளியில் எரியூட்டிய அப்பத்தாவின் இறப்புச் சான்றிதழின் படியொன்றும் இணைத்தோம். சான்றிதழில் 'பிறந்த இடம்' என்னும் கட்டம் இல்லை. நாற்பது நாளில் ஆணை வந்தது. பணிப்பதிவேட்டில் பழைய பெயரைச் சிவப்பு மையால் அடித்துப் புதிய பெயரைப் பக்கத்தில் எழுதியவரும் நாமே. அந்த மேசை நம்முடையது.